தாதியர் படிப்பு: கட்டணமும் கைக்கு வரும் பலனும்

(பினாங்கில் ஆலய மண்டபத்தில் நடைபெற்ற கல்வி உதவிநிதி வழங்கும் நிகழ்வில் ஆற்றிய உரை)



இவ்வாண்டு உதவிநிதி கேட்டு வந்த மனுக்களில் தாதியர் படிப்புக்கானவை பல. எல்லா மனுவிலும் கட்டணம் எவ்வளவு என்பது தெளிவாக இருக்கிறது. படித்து முடித்தபின் என்ன என்பதை ஒருவரும் எழுதவில்லை.

குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. அந்தத் தவற்றைச் செய்தவன் நானே. 2009ஆம் ஆண்டு என் மாணவி ஒருத்திக்கு அரசு தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. மூன்றாண்டு டிப்ளோமா, கட்டணம் இல்லை, மாதந்தோறும் படித்தொகையும் உண்டு. லோரி ஓட்டுநரான அவள் தந்தை, "சார், என்ன செய்யலாம்?" என்று கேட்டார். "டிப்ளோமாவோடு ஏன் நிற்க வேண்டும்? பட்டமே படிக்கட்டும்" என்றேன். வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார். ஊழியர் சேமநிதியிலிருந்து 18,000 வெள்ளி எடுத்து ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தார். மீதிக்கு பி.டி.பி.டி.என். கடன்.

அக்காலத்தில் தனியார் தாதியர் வகுப்புகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன. 2010இல் அரசாங்கமே புதிய வகுப்புகளை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டு கழித்து அவள் வெளியே வந்தபோது, படித்து முடித்த பலர் வேலையின்றி இருந்தார்கள். தாதியர் வாரியத் தேர்விலும் அவள் முதல்முறை தேறவில்லை. அதில் தேறிப் பதிவு பெறாதவர் தாதியாகப் பணிபுரிய முடியாது. ஓராண்டு முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்தாள். அவளோடு நேர்முகத் தேர்வுக்குப் போன தோழியோ அரசு கல்லூரியில் சேர்ந்து, அதற்குள் சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டாள். பின்னர் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பயின்று பட்டமும் பெற்றாள்.

பட்டப்படிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அரசுப் பணியில் டிப்ளோமா தாதியர் யு29, பட்டதாரிகள் யு41 என்றிருந்தது. 2024 டிசம்பர் முதல் அவை யு5, யு9 ஆயின. வேறுபாடு உண்மையானதே. கற்பிக்க விரும்புகிறவர்களுக்கும் பட்டம் தேவை. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷனில் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள் முதலில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு மனுச் செய்யட்டும். கட்டணத்தில் பெரும்பகுதியை அங்கே அரசாங்கம் ஏற்கிறது. ஒரு தாயார், "மிண்டனில்தானே யூ.எஸ்.எம். இருக்கிறது, வீட்டிலிருந்தே போய் வரலாம்" என்றார். அம்மா, அதன் தாதியர் படிப்பு கிளந்தான் குபாங் கெரியானில் நடக்கிறது. தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தனியார் கல்லூரிதான் என்றால், விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள்: சென்ற இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் வாரியத் தேர்வில் முதல்முறையே தேறினார்கள்? எந்த மருத்துவமனையில் பயிற்சி? அங்கே போய்வரும் செலவு யாருடையது? சில மருத்துவமனைகள் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு, முடித்தபின் குறிப்பிட்ட ஆண்டுகள் தங்களிடமே பணிபுரிய ஒப்பந்தம் கேட்கும். வசதி குறைந்த குடும்பத்துக்கு அது நல்ல வழிதான். ஆனால் இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் படித்துவிட்டே ஒப்புக்கொள்ள வேண்டும். அரசு கல்லூரியில் சேர்பவர்களும், முடித்தபின் கிடைப்பது நிரந்தரப் பணியா, ஒப்பந்தப் பணியா என்று விசாரிக்கட்டும்.

என் மாணவி இரண்டாம் முறை தேறினாள். இன்று வேலையில் இருக்கிறாள். கடன் இன்னும் முடியவில்லை. தந்தை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. தைப்பூசத்தில் பார்க்கும்போதெல்லாம் "நல்லா இருக்கீங்களா சார்" என்பார்.

ஆலய நிர்வாகம் எனக்கு ஒரு மேசை ஒதுக்கித் தந்திருக்கிறது. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் பின் அங்கே இருப்பேன். கல்லூரியிலிருந்து கடிதம் வந்ததும், கையெழுத்திடுவதற்கு முன்பாகக் கொண்டு வாருங்கள். அமர்ந்து கணக்குப் பார்ப்போம்.