படைத்தலைவி கேட்ட வாக்கு

(திருத்தணிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லை என்றால் என்ன என்பதைத் திருத்தணி மக்களுக்கு எவரும் வந்து சொல்லித்தர வேண்டுவதில்லை. 1953 அக்தோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து இம்முருகன் மலையும் அப்பாற் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடவெல்லைப் போராட்டத்தில் பலர் சிறை புகுந்தனர், பலர் அடியுண்டனர். பின்னர்ப் படாசுகர் தந்த முடிவின்படி நாடாளுமன்றம் 1959-இல் ஒரு சட்டம் இயற்ற, 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி நம்மிடம் மீண்டது.

அந்த ஆறரை ஆண்டுகளும் இந்தியாவின் துணைக் குடியரசுத் தலைவராய் வீற்றிருந்தவர் யார்? இதே திருத்தணியில் 1888-இல் பிறந்த இராதாகிருட்டிணனார்! அவர் தில்லியில் உயர்ந்த இருக்கையில் இருந்த காலத்திலேயே அவர் பிறந்த ஊர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போயிற்று; பிறகு திரும்பி வந்தது. ஊரை மீட்டவர்கள் தெருவில் நின்ற மக்களே. நம் ஊரார் ஒருவர் மேலே அமர்ந்துவிட்டாலே நம் குறை தீர்ந்துவிடும் என்னும் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அப்படியானால் அவ்விருக்கைக்கு நிற்பவரிடம் நாம் எதைத்தான் பார்க்க வேண்டும்? பிறந்த ஊரையா? தாங்கிய படைக்கலத்தையா? பெற்ற விருதையா? அல்லது, அமர்ந்தபின் யார்க்காக வாய் திறப்பார் என்பதையா? இவ்வினாவைத் தெளிவுபடுத்தும் ஒரு தேர்தலை இன்று உங்கள் முன் எடுத்து வைக்கின்றேன். அது 2002-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல். அதில் தோற்றவர் ஒரு படைத்தலைவி. 'கேப்டன் இலக்குமி' என்று நாடே அழைத்த இலக்குமி சாகல் அம்மையார்.

முதலில், அத்தேர்தலில் வாக்களிப்பவர் யார் என்பதைச் சொல்லிவிடுகின்றேன். குடியரசுத் தலைவரை நீங்களும் நானும் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. நாம் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினருமே தேர்ந்தெடுக்கின்றனர். ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை அம்மாநிலச் சட்டமன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் வருவதே அங்குள்ள ஒரு சட்டமன்ற உறுப்பினருடைய வாக்கின் மதிப்பு. 1971-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ 4 கோடியே 12 இலக்கம். உறுப்பினர் 234 பேர். எனவே நம் உறுப்பினர் ஒருவரின் வாக்கு 176. உத்தரப்பிரதேச உறுப்பினருக்கு 208. சிக்கிம் உறுப்பினருக்கு 7. மாநிலங்களின் வாக்கு மதிப்பு முழுவதையும் கூட்டினால், அது நாடாளுமன்றத்தாரின் வாக்கு மதிப்புக்கு ஏறத்தாழ ஈடாகும். எனவே குடியரசுத் தலைவரை ஆக்குவதில் பாதி உரிமை மாநிலங்களுடையது. திருத்தணித் தொகுதியின் உறுப்பினர் கையிலும் அந்த 176 இருக்கின்றது. அது அவருடைய தனியுடைமையன்று. நீங்கள் கொடுத்து வைத்தது.

இனி அப்படைத்தலைவியைப் பார்ப்போம்.

இலக்குமி 1914 அக்தோபர் 24-இல் சென்னையில் பிறந்தார். தந்தையார் சாமிநாதன் சென்னையில் பெயர் பெற்ற வழக்கறிஞர். தாயார் அம்மு, மலையாள நாட்டு ஆனக்கரையைச் சேர்ந்தவர். அரசியல் சட்டத்தை வகுத்த அவையில் அமர்ந்தவர். 1952-இல் திண்டுக்கல் தொகுதியினின்று நாடாளுமன்றம் சென்றவர். இலக்குமி 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1940-இல் சிங்கப்பூர் சென்றார். அங்கே ஏழைத் தொழிலாளர்க்கு மருத்துவம் பார்த்து வந்தார்.

1943 சூலையில் சுபாசு சந்திரபோசு சிங்கப்பூருக்கு வந்தார். பெண்களுக்கென ஒரு படையணி வேண்டுமென்றார். அதை உருவாக்கித் தலைமை தாங்கும் பொறுப்பு இருபத்தெட்டு அகவை நிரம்பிய இம்மருத்துவரிடம் வந்தது. அவ்வாண்டு அக்தோபரில் சான்சி அரசி படையணியின் பயிற்சிப் பாசறை திறக்கப்பட்டது. போசு அமைத்த இடைக்கால அரசில் பெண்ணமைச்சர் அவர் ஒருவரே.

அப்படையில் சேர்ந்தவர் யார் என்பதே நம் நெஞ்சைத் தொடுவது. அவருள் மிகப் பலர் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்மக்கள். இந்திய மண்ணைக் கண்ணாற் காணாதவர் அவருள் பலர். கங்காணிக்கும் வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிக்கும் அஞ்சித் தலைகுனிந்தே வளர்ந்த அப்பெண்கள், துமுக்கி ஏந்தி நிமிர்ந்து நின்றனர். அப்படையின் பொதுமொழியாக வைக்கப்பட்டது உரோம எழுத்தில் எழுதிய இந்துத்தானி. தம் தாய்மொழியல்லாத மொழியில் கட்டளை கேட்டு, தாம் காணாத நாட்டின் விடுதலைக்காகக் காட்டிலும் மழையிலும் நடந்தவர்கள் நம் தமிழச்சிகள். இந்திய விடுதலை வரலாறு எழுதியோர் அவர்களுக்கு எத்தனை பக்கம் கொடுத்தனர் என்று எண்ணிப் பாருங்கள்.

அவருள் ஒருவரைப் பெயர் சொல்லியே ஆகவேண்டும். பதின்ம அகவையில் அப்படையிற் சேர்ந்து, அதன் தலைமைநிலை வரை உயர்ந்தவர் மலேயாத் தமிழ்ப்பெண் சானகி. பின்னாளில் சானகி ஆதி நாகப்பன் என வழங்கப்பட்ட அவர், 1946-இல் தோன்றிய மலேய இந்தியர் பேராயத்தைத் தொடங்கியவருள் ஒருவர்; மலேசிய நாடாளுமன்றத்தின் மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். படையணியில் கற்ற துணிவு ஒரு தமிழ்ப்பெண்ணை ஒரு நாட்டின் சட்டமன்றம் வரை கொண்டு சென்றது.

இலக்குமி 1945-இல் பர்மாவில் பிரித்தானியர் கையில் அகப்பட்டு, 1946 மார்ச்சில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 1947-இல் படைத்தோழர் பிரேம் குமார் சாகலை மணந்து கான்பூரிற் குடியமர்ந்தார். மருத்துவத்தை அவர் விடவில்லை. 1971-இல் வங்காள ஏதிலியர் எல்லை கடந்து வந்தபோது அவர்களுக்குத் தொண்டு செய்தார். 1984-இல் போபால் நச்சுக்காற்றுக் கேடு நேர்ந்தபோது மருத்துவக் குழுவோடு சென்றார். தொண்ணூறு அகவை கடந்த பின்னும் கான்பூரில் நோயாளிகளைப் பார்த்து வந்தார். படைத்தலைவி என்னும் பெயரை முதலாக வைத்துப் பதவி வாணிகம் செய்தவர் அல்லர்.

2002-இல் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. வாசுபாய் தலைமையில் அன்றிருந்த ஆளுங் கூட்டணி, இராமேசுவரத்திற் பிறந்த அறிவியலறிஞர் அப்துல் கலாமை நிறுத்தியது. காங்கிரசும் அவரை ஏற்றது. தமிழ்நாட்டின் இரு பெருங் கழகங்களும் ஏற்றன. போட்டியே இன்றி முடிந்திருக்க வேண்டிய அத்தேர்தலில், இடதுசாரிக் கட்சிகள் மட்டும் தனித்து நின்று, எண்பத்தேழு அகவை இலக்குமி அம்மையாரை நிறுத்தின. குசராத்தில் குருதி ஆறாய் ஓடிய ஆண்டு அது. நாட்டின் ஒற்றுமையையும் ஏழையரின் வாழ்வையும் பற்றிய வினாக்களை எழுப்பாமல் உயர்பதவியை நிரப்பக் கூடாது என்பதே அப்போட்டியின் உட்பொருள்.

சூலை 15-இல் வாக்களிப்பு. கலாம் பெற்ற வாக்கு மதிப்பு 9,22,884. அம்மையார் பெற்றது 1,07,366. நூற்றுக்குப் பத்தே. தோல்வி உறுதி என்று தெரிந்தே நின்றார். நின்றதால் ஒரு வினாவை உயிரோடு வைத்தார்.

இங்கே உங்களுள் ஒருவர் எழுந்து, "ஐயா, தமிழன் ஒருவன் குடியரசுத் தலைவனாகும்போது எதிர்த்து நின்றதைப் போற்றுவதா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கலாமின் எளிமையும் தமிழ்ப்பற்றும் நாம் மதிப்பனவே. ஆனால் பிறப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் என்ன நேர்கிறது என்பதை வரலாற்றைக் கொண்டே பார்ப்போம்.

தஞ்சை மண்ணிற் பிறந்து, காமராசர் அமைச்சரவையில் தொழில்துறையை நடத்திப் பின் குடியரசுத் தலைவரானவர் இரா. வேங்கடராமனார். மாநில அவையிலிருந்து நாட்டின் உச்சிக்கே சென்ற தமிழர். 1991 சனவரி 30-இல் தமிழ்நாட்டு அரசைக் கலைக்கும் ஆணை அவர் முன் வந்தது. ஆளுநர் பர்னாலா அதற்கான அறிக்கையே தரவில்லை. 'அல்லது வேறு வகையில்' என்று 356-ஆம் பிரிவில் உள்ள ஓரிரு சொற்களைப் பற்றிக்கொண்டு ஆணை பிறந்தது. கையெழுத்திட்டது தமிழ்க் கை!

2005 மே மாதம் பீகார்ச் சட்டமன்றத்தைக் கலைக்கும் ஆணை மாசுகோவிலிருந்த கலாமிடம் இரவோடு இரவாகச் சென்றது, அவரும் ஒப்பமிட்டார். அது சட்டத்துக்குப் புறம்பானதென உச்சநீதிமன்றம் பின்னர்த் தீர்ப்பளித்தது. அதே கலாம் 2006-இல், ஆதாயப் பதவி பற்றிய சட்ட வரைவை மீண்டும் எண்ணிப் பார்க்குமாறு திருப்பியனுப்பினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவ்விருக்கை வெறும் முத்திரைக் கட்டையன்று என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொதித்தெழுந்தபோது, நடுவணமைச்சர் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் மடல் கொடுத்தனர். அவற்றை ஏற்குமாறு தலைமையமைச்சர் சாத்திரி அனுப்ப, இவ்வூர் இராதாகிருட்டிணனார் ஏற்க மறுத்து, தில்லியை எண்ணிப் பார்க்கச் செய்தார். 1997-இல் உத்தரப்பிரதேச அரசைக் கலைக்குமாறு வந்த பரிந்துரையைக் கே.ஆர். நாராயணன் திருப்பியனுப்பினார், அது கைவிடப்பட்டது. ஆக, அமர்பவர் மனத்தில் உறுதி இருந்தால் அவ்விருக்கை மாநிலங்களைக் காக்கும். இல்லையேல் மாநிலங்களைக் கவிழ்க்கும் கையெழுத்தாகும்.

படைத்தலைமை மட்டும் ஒருவரைத் தகுதியுடையவர் ஆக்கிவிடுமா? அதுவும் இல்லை. ஈழத்தைப் பாருங்கள். 2009-இல் முள்ளிவாய்க்கால் வரை போரை நடத்திய படையின் தலைவர் சரத்து பொன்சேகா. அவரே 2010 சனவரி 26-இல் இலங்கைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் மகிந்த இராசபக்சவை எதிர்த்து நின்றார். வடக்கிலும் கிழக்கிலும் வாக்களித்த தமிழருட் பெரும்பாலோர், வேறு வழியின்றி, தம்மைச் சுட்ட படையின் தலைவருக்கே வாக்களிக்க நேர்ந்தது. எத்துணைக் கொடிய நிலை! படையுடை என்பது துணிமட்டுமே. அதை அணிந்தவர் யாரைக் காத்தார், யாரைச் சுட்டார் என்பதே வினா. இலக்குமி அம்மையார் கூலித்தொழிலாளியின் மகளை நிமிரச் செய்தவர். பின் நெடுங்காலம் நோயுற்ற ஏழையின் பக்கம் நின்றவர். அதுவே அவர் கேட்ட வாக்குக்குத் தகுதி.

பெருமக்களே! இது பழங்கதை பேசும் நேரமன்று. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான 'நீட்'டிலிருந்து விலக்குக் கேட்டுத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021-இல் ஒரு வரைவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பியனுப்ப, 2022 பிப்பிரவரியில் மீண்டும் நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதென்று 2025 ஏப்பிரலில் முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே அறிவித்தார். 234 பேர் கூடிய மன்றத்தின் முடிவு ஓர் ஒப்பத்திற்காக ஆண்டுக்கணக்கிற் காத்துக் கிடந்தது. அவ்வொப்பம் இடுபவரைத் தேர்ந்தெடுத்ததில் அம்மன்றத்துக்கும் பங்குண்டு என்பதை நாம் மறந்தோம்.

இன்னொன்றும் உண்டு. நம் 176 என்னும் மதிப்பு 1971-ஆம் ஆண்டுக் கணக்கின்மேல் நிற்பது. 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வெளிவரும் வரை அதுவே அளவு என்று 84-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் வரைந்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்று மக்கள்தொகையை அடக்கிய மாநிலம் நம்முடையது. புதுக்கணக்கை அப்படியே கொண்டால், மக்கள்தொகை பெருகிய வடமாநிலங்களின் பங்கு உயரும். நம் பங்கு தாழும். கையில் எடை இருக்கும்போதே அதை அறிந்து பயன்படுத்தாதவன், எடை குறைந்தபின் அழுது என்ன பயன்?

2022-இல் தொடங்கிய குடியரசுத் தலைவர் பதவிக்காலம் 2027-இல் முடிகின்றது. அத்தேர்தலில் வாக்களிப்பு மறைவானது. கட்சிக் கொறடாவின் ஆணை அதில் செல்லாது. எனவே 'கட்சி சொன்னது, போட்டேன்' என்று உங்கள் உறுப்பினர் சொல்லித் தப்ப முடியாது. வாக்களிக்கச் செல்லுமுன் அவரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கப் போகின்றவர், தக்க கரணியமின்றி ஒரு மாநில அரசைக் கலைக்கும் தாள் வந்தால் திருப்பியனுப்புவாரா? சட்டமன்றம் நிறைவேற்றிய வரைவுக்குக் காலத்தில் விடை சொல்வாரா? மொழியுரிமையையும் மாநிலப் பங்கையும் பற்றி இதுவரை ஒரு முறையேனும் வாய் திறந்திருக்கின்றாரா?

இலக்குமி அம்மையார் 2012 சூலை 23-இல் கான்பூரில் மறைந்தார். அவரோடு நடந்த தோட்டத்துத் தமிழச்சிகளுள் பலர் பெயரின்றியே போயினர். அவர்கள் நமக்கு விட்டுச் சென்றது ஒன்றுண்டு: வெல்லுமா என்று கேட்டுக் களம் புகவில்லை, வேண்டுமா என்று கேட்டுப் புகுந்தனர். இந்த மலையை மீட்டவர்களும் அவ்வாறே புகுந்தனர். நம் 176-ஐ நாம் கேட்டுப் பெறுவோம். கணக்குக் கேட்டுக் கொடுப்போம்.

வெல்க தமிழ்!