சாவி யார் கையில்?
(வளவனூரில் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடும்ப நலக் கூட்டம் என்றால் கருத்தடை, தடுப்பூசி, சத்துணவு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு லாரியைப் பற்றிப் பேசப் போகிறேன். "சுகாதார இலாகாவுக்கும் லாரிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். அளவான குடும்பம் அமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்பியாயிற்று. சம்பாதிக்கிற கை ஒன்று நசுங்கிப் போனால் அந்தக் குடும்பம் எப்படி நிற்கும்? அதுதான் சம்பந்தம்.

நம் பக்கத்தில் பாரம் ஏற்றாத வீதி எது? கரும்பு வெட்டினால் டிராக்டரிலும் லாரியிலும் முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகிறது. நெல்லும் மல்லாட்டையும் விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்குப் போகின்றன. மூட்டை ஏற்றுவது கணவர் என்றால், கரும்புக் கட்டை எடுத்துக் கொடுப்பது பல இடங்களில் மனைவி. ஆகவே இது இருவருக்கும் சொல்லும் சேதி.

பாரம் ஏற்றும்போது வரும் ஆபத்துகளில் பெரியது எது தெரியுமா? நிற்க வேண்டிய வண்டி நகர்ந்து விடுவது. மூட்டையோடு ஒருவர் பலகையில் ஏறுகிறார். "ஏத்தியாச்சு" என்று யாரோ கத்துகிறார்கள். டிரைவர் வண்டியை எடுக்கிறார். பலகை நழுவுகிறது, மூட்டை மேலே, ஆள் கீழே. சில சமயம் வண்டியை யாருமே எடுப்பதில்லை. ஒவ்வொரு மூட்டையும் விழும் அதிர்ச்சியில் சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பலகை நுனிக்கு வந்து நிற்கும். அடுத்த காலடியில் வினை.

இதற்கு மருந்து மூன்று. மூன்றுக்கும் காசு கிடையாது.

முதலாவது, சாவி. ஏற்றத் தொடங்கும் முன் டிரைவர் இஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, சாவியை மேஸ்திரி கையில் கொடுத்துவிட வேண்டும். ஏறினவர் அத்தனை பேரும் இறங்கினார்களா என்று தலையை எண்ணிப் பார்த்த பிறகே மேஸ்திரி சாவியைத் திருப்பித் தர வேண்டும். வெளிநாடுகளில் பெரிய சரக்குக் கிடங்குகள் பலவற்றில் இதே வழக்கம்தான். "டிரைவர் அண்ணன் கோவிச்சுக்குவாரே, நம்பலையான்னு கேப்பாரே" என்று தயங்காதீர்கள். இது அவரையும் காப்பாற்றுகிற காரியம். ஓர் உயிரைப் பறித்தோமே என்ற பாரத்தோடு எந்த டிரைவரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

இரண்டாவது, கட்டை. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கனமான மரக்கட்டை கொடுங்கள். உருண்டைக் கல் வேண்டாம், அது உருளும். டிராக்டரைக் கழற்றிவிட்ட இரு சக்கர டிரெய்லரில் இன்னும் கவனம் வேண்டும். மாட்டு வண்டியில் பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்குமே, அதுபோல டிரெய்லரும் முன்பக்கம் தூக்கிக் கவிழும். முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்து, பாரத்தைச் சமமாகப் பரப்பி ஏற்றுங்கள்.

மூன்றாவது, இடம். வண்டி பின்னால் வரும்போது வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. ஒரே ஆள்தான் கை காட்ட வேண்டும். அவர் டிரைவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவர் மறைந்தால் டிரைவர் வண்டியை நிறுத்த வேண்டும். மேலே மின்கம்பி போகிற இடத்தில் கரும்பு ஏற்றாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சோறு கொண்டு போகிறீர்கள். நிழல் என்று லாரிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுவதும், குழந்தையை அங்கே படுக்க வைப்பதும் வேண்டவே வேண்டாம். மரத்தடிக்குப் போங்கள். கர்ப்பமான பெண்ணும், பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆன பெண்ணும் பாரம் தூக்கலாகாது. கர்ப்பப்பை இறக்கம் உண்டாக அதுவும் ஒரு காரணம். அந்த நாட்களில் வேறு இலேசான வேலை கேட்டு வாங்குவது கணவரின் கடமை.

மூட்டையின் எடையையும் பாருங்கள். அரசு கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை 40 கிலோ. வெளியில் 75 கிலோ மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் வாங்குகிறார்கள். உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே, ஆண் ஒருவர் சுமப்பது 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரை செய்தது. கனமான மூட்டையை இருவராகத் தூக்குங்கள். குனிந்து தூக்காமல், முழங்காலை மடக்கி, மூட்டையை உடம்போடு அணைத்து எழுந்திருங்கள்.

"டன் கணக்குல கூலிங்க, நேரம் ஏது?" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் கட்டை கொடுக்கவும் சாவி வாங்கவும் ஐந்து நிமிஷம் போதும். கால் முறிந்தால் மாதக்கணக்கில் கூலி போகும்.

அப்படியும் விபத்து நேர்ந்தால், இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். முதுகில் அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். உடனே 108-க்குச் சொல்லுங்கள். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சுமை தூக்குவோர் உள்ளிட்ட உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக 1982-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. நல வாரியமும் இருக்கிறது. இன்னும் பதியாதவர்கள் விழுப்புரம் தொழிலாளர் நல அலுவலகத்தில் கேட்டுப் பதிந்து கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு ஓடுவதில் பயனில்லை.

சகோதரிகளே, கணவர் வேலை முடிந்து வந்ததும், "இன்னிக்கு எவ்வளவு கூலி?" என்று கேட்கிறோம். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "ஏத்தும்போது சாவி யார் கையில இருந்துச்சு?" நாலு நாள் கேட்டால், ஐந்தாம் நாள் அவரே மேஸ்திரியிடம் கேட்பார். ஒரு வண்டியில் பழகினால் ஊரெல்லாம் பழகும்.