ஒருவன் நீங்கிய குழு



கால்பந்துக் களத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுகின்றனர். ஆயினும் ஆட்டம் முடிந்து திரும்பும் கூட்டத்தின் நாவில் உலவுவது பெரும்பாலும் ஒருவன் பெயரே. பந்து அவன் காலுக்கு வந்தால் போதும்; கோல் விழுந்துவிட்டது போலவே பள்ளி முழுதும் ஆர்ப்பரிக்கும். அத்தகைய ஒருவன் திடீரென்று நீங்கிவிட்டால் மற்றப் பதின்மரின் நிலை என்ன? அவர்களுக்கு நாம் எவ்வாறு துணை நிற்பது? இன்று சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

காஞ்சி மாநகரத்துப் பள்ளி ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்வோம். மாவட்டப் போட்டிக்கு இன்னும் இரண்டு வாரமே இருக்கிறது. குழுவின் முன்னணி ஆட்டக்காரன் முழங்கால் பிசகிப் படுத்துவிட்டான். மறுநாள் மாலை மைதானத்தில் நாம் காண்பது யாது? சிலர் வரவே இல்லை. வந்தவரும் மனமின்றிப் பந்தை உதைக்கின்றனர். ஒரு கோல் விழுந்தால் ஒருவரையொருவர் கடிந்துகொள்கின்றனர். இழந்தது ஓர் ஆட்டக்காரனை. ஆனால் போனதோ பதின்மரின் ஊக்கம்!

தறியோசை கேட்டு வளர்ந்த காஞ்சிப் பிள்ளைகள் இதற்கு வழி காணத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் என்ன செய்கிறார்? காணாதவர் போல நாடாவை ஓட்டிக்கொண்டே போனால், அந்த இடைவெளி துணி நெடுகிலும் கோடாய் விழும். ஆகையால் அவர் தறியை நிறுத்துகிறார், அறுந்த நுனியைத் தேடி எடுக்கிறார், புது நூல் சேர்த்து முடிச்சிடுகிறார், பிறகே நெய்கிறார். நிறுத்துவதும் வேண்டும், மீண்டும் நெய்வதும் வேண்டும்.

உடற்பயிற்சி ஆசிரியரும் குழுத் தலைவனும் முதலில் செய்யத்தக்கது இதுதான். ஒரு நாள் மாலை பந்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அனைவரையும் மரநிழலில் அமர்த்திப் பேச விடவேண்டும். 'அவன் இல்லாவிட்டால் என்ன, பார்த்துக்கொள்ளலாம்' என்பது வீறாப்பு. அது உண்மையும் அன்று, நண்பனுக்குச் செய்யும் மரியாதையும் அன்று. அதே போல, இரண்டு வாரமும் புலம்பிக்கொண்டிருப்பதும் பயன் தராது. 2014ஆம் ஆண்டில் தன் சொந்த மண்ணில் உலகக் கோப்பைக்கு ஆடிய பிரேசில் நாட்டுக் குழு, காலிறுதி ஆட்டத்தில் முதுகெலும்பு முறிவுற்ற நெய்மாரை இழந்தது. அரையிறுதியில் நாட்டுப்பண் ஒலித்தபோது ஆட்டக்காரர் இருவர் அவருடைய சட்டையைக் கையில் ஏந்தி நின்றனர். அன்று ஜெர்மனி 7-1 என்ற கணக்கில் வென்றது. தோல்விக்குக் காரணங்கள் பல; குழுத் தலைவர் தியாகோ சில்வாவும் அன்று ஆடவில்லை. எனினும், துயரத்தை மரநிழலில் இறக்கி வைப்பது வேறு, களத்துக்குள் சுமந்து செல்வது வேறு என்பதை அந்தக் காட்சி நமக்கு நினைவூட்டுகிறது.

அடுத்தது, வேலையைப் பகிர்ந்துகொள்ளுதல். வைகாசித் திருவிழாவின் மூன்றாம் நாள் வரதராசப் பெருமாள் கருடன்மீது எழுந்தருளும் காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். வாகனத்தைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளில் ஒருவர் தோள் விலகினால், அந்தச் சுமையைப் பக்கத்திலுள்ள பல தோள்கள் ஏற்கின்றன. நம் குழுவும் அவ்வாறே செய்யலாம். நீங்கிய நண்பன் செய்து வந்த வேலைகள் எவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூலையிலிருந்து பந்தை உயர்த்தி அடித்தவன் அவன். கோலுக்கு முன் நின்று தலையால் முட்டியவன் அவன். பின்வரிசைக்கு ஓடி வந்து பந்தை வாங்கிச் சென்றவன் அவன். சோர்ந்தவனைப் பெயர் சொல்லி அழைத்துத் தேற்றியவனும் அவன். ஒருவனே இவை நான்கையும் செய்தல் அரிது. ஆனால் நால்வர் ஆளுக்கு ஒன்றாய் ஏற்றுக்கொள்ளல் அரிதன்று.

நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. இந்தியக் குழுவைப் பயிற்றுவித்தவர், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவரான சையது அப்துல் ரஹீம். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்துத் தாய்லாந்துடன் ஆடுகையில், தற்காப்பின் தூணாக விளங்கிய ஜர்னைல் சிங் தலையில் காயமுற்றார். கோல் காவலர் பீட்டர் தங்கராஜும் காய்ச்சலால் வருந்தினார். தங்கராஜின் இடத்தைப் பிரத்யுத் பர்மன் ஏற்றார். ஜர்னைல் சிங் திரும்பியபோது ரஹீம் அவரைப் பழைய இடத்தில் நிறுத்தாமல் முன்வரிசைக்கு அனுப்பினார். தற்காப்பை அருண் கோஷ் முதலியோர் தாங்கினர். செப்டம்பர் 4ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோலும், ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடிக்க, அதே தென்கொரியாவை இந்தியா 2-1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. தலைக்காயத்தோடு ஆடியதை மாணவர்கள் பின்பற்ற வேண்டா; அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. இடங்களை மாற்றிச் சுமையைப் பகிர்ந்த அறிவையே நாம் கொள்ளவேண்டும்.

மூன்றாவது, மாற்றாக வருபவனைப் பற்றியது. அவன் நிலைமை இரங்கத்தக்கது. பந்தைத் தவறவிட்ட ஒவ்வொரு முறையும், 'அவனாக இருந்தால் விட்டிருப்பானா?' என்ற முணுமுணுப்பு அவன் காதில் விழும். 1962ஆம் ஆண்டிலேயே சிலி நாட்டில் நிகழ்ந்த உலகக் கோப்பைப் போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில் பிரேசிலின் பெலே காயமுற்று விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் 22 வயதான அமரில்டோ. ஸ்பெயினுடன் ஆடிய ஆட்டத்தில் பிரேசில் முதலில் பின்தங்கியது. அமரில்டோ இரண்டு கோல் அடித்துக் குழுவைக் காத்தார். ஆனால் கோப்பையை அவர் ஒருவரே வென்று தரவில்லை. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் கோல் அடிக்கும் பொறுப்பைக் காரிஞ்சாவும் வாவாவும் ஏற்றனர். யாரும் அவரை இன்னொரு பெலே ஆகும்படி கேட்கவேண்டிய தேவை எழவில்லை. உங்கள் குழுவுக்குள் வரும் புதியவனையும் அவனாகவே ஆட விடுங்கள்.

இறுதியாக, பலரும் மறந்துவிடும் ஒருவன் இருக்கிறான். காலில் கட்டுடன் வீட்டில் கிடக்கிறானே, அவன்தான். நேற்றுவரை தோளில் தூக்கிக் கொண்டாடியவர்கள் இன்று வாசற்படி ஏறவில்லையென்றால் அவன் என்ன எண்ணுவான்? 'இவர்கள் விரும்பியது என்னை அன்று, என் காலை' என்று எண்ணமாட்டானா? ஆகவே அவனைச் சென்று பாருங்கள். பயிற்சியில் நடந்ததைச் சொல்லி யோசனை கேளுங்கள். ஆனால் 'எப்போது வருவாய்?' என்று நச்சரிக்காதீர்கள். 1966ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த போட்டியில், முதல் ஆட்டத்தில் அடிபட்ட பெலே முழுதும் குணமாகாத நிலையில் போர்ச்சுகலுக்கு எதிராக இறங்கினார். மீண்டும் அடிபட்டார். மாற்றாள் இறக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லாமையால் நொண்டிக்கொண்டே ஆட்டத்தை முடித்தார். பிரேசில் 3-1 என்று தோற்று வெளியேறியது. கோப்பை அடுத்த ஆண்டும் வரும். பதினைந்து வயதுப் பிள்ளையின் முழங்கால் வாழ்நாள் முழுதும் அவனைத் தாங்க வேண்டியது அன்றோ!

இவ்வளவும் செய்தால் வெற்றி உறுதியா? உறுதியில்லை. முதற் சுற்றிலேயே தோற்றுத் திரும்பவும் கூடும். ஆனால் அந்த இரண்டு வாரத்தில், இதுவரை பந்து வராதா என்று காத்து நின்ற ஒருவன் தானே பந்தைத் தேடி ஓடியிருப்பான். வாய் திறவாத ஒருவன் நண்பனைக் கூவி அழைத்திருப்பான். படுக்கையில் கிடந்தவன் தான் தனியன் அல்லன் என்று அறிந்திருப்பான். அவன் குணமாகி வரும் நாளில், தன்னையே நம்பி நின்ற பதின்மரைக் காணமாட்டான். தன்னோடு சேர்ந்து சுமக்கும் பதின்மரைக் காண்பான். ஒரு பள்ளிக்கு இதைவிடப் பெரிய பரிசு வேண்டுமோ?