ஞானிக்குக் குடும்பம் ஆகாதா?

(பேராவூரணிப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



எண்ணெய் தேடுகிற மண்ணியல் அறிஞரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று நோட்டீசில் கண்டவுடனே, இவ்வூர்த் தோழர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, நெடுவாசல் இங்கே பக்கத்தில் இருக்கிறது. எண்ணெய்க்காரன் என்றாலே எங்கள் ஜனங்களுக்கு அடிவயிறு கலங்கும். வேறு சங்கதி பேசக்கூடாதா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. 2017ம் வருஷம் நெடுவாசலில் வெயிலென்றும் இரவென்றும் பாராமல் பெண்கள் உட்கார்ந்திருந்ததை நாம் மறந்துவிடவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறோம். நம் வயலுக்கு அடியில் இன்னது இருக்கிறதென்று அந்த எண்ணெய்க்காரருக்கு எப்படித் தெரிந்தது என்பதை முதலில் யோசிப்போம்.

பூமியைப் பற்றி நமக்குச் சொல்லி வைத்திருப்பதென்ன? இரண்யாட்சன் அதைப் பாயாகச் சுருட்டிக்கொண்டு போனானாம். சரி, போகட்டும். சுருட்டின பாயின் ஓரத்தில் அடுக்குத் தெரியுமல்லவா? எந்த அடுக்கு மூத்தது, எது இளையது என்று இந்தக் கதையைப் படித்துப் பிழைத்தவர்களில் ஒருவராவது பார்த்ததுண்டா?

பார்த்தவர்கள் வேறே. 1860களில் பிளான்போர்டு, ஸ்டோலிஸ்கா என்ற அறிஞர்கள் அரியலூர்ப் பக்கத்துக் கற்களை ஆராய்ந்தார்கள். கடற்பிராணிகளின் ஓடுகள் கல்லாகி அங்கே கிடக்கின்றன. சாளக்கிராமம் என்று பூஜையில் வைத்துப் பால் ஊற்றுகிறார்களே, கண்டகி நதிக்கரையில் அகப்படுவது, அதுவும் இந்த ஜாதிப் பிராணியின் கல்லேதான். அரியலூரில் வெளியே தெரிகிற அந்த அடுக்குகள் கிழக்கே சரிந்து நம் நெல் வயல்களுக்கு அடியில் போய்விடுகின்றன. சுமார் 15 கோடி வருஷங்களுக்கு முன் கோண்டுவானா என்கிற பெருநிலம் பிளந்தபோது இந்தக் கரையோரம் பள்ளம் பள்ளமாக இறங்கிற்று. பட்டுக்கோட்டைக்கும் மன்னார்குடிக்கும் அடியில் பழைய பாறை மேடாக நிற்கிறது. அதற்கு மேற்கே தஞ்சைப் பள்ளம், கிழக்கே நாகைப் பள்ளம். சில இடங்களில் மண்ணும் கல்லும் 5 கிலோமீட்டருக்கு மேல் படிந்திருக்கின்றன. காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல் அதில் மேல்தோல்தான்.

இந்தப் படுகையில் 1964ல் காரைக்காலில் ஆழ்துளை இறக்கினார்கள். எடுத்து விற்கும்படியான எண்ணெய் நரிமணத்தில் 1985ல்தான் அகப்பட்டது. நடுவிலே 20 வருஷம்! பொய்த்த கிணற்றுக்கு நேரே படத்தில் 'வறண்டது' என்று எழுதுகிறார்கள். எழுதி, ஏன் வறண்டது என்று தேடுகிறார்கள். நம் ஜோசியர் தாம் சொன்னது பொய்த்த ஜாதகத்தை எந்தச் சுவரிலாவது ஒட்டி வைத்து நீங்கள் பார்த்ததுண்டா?

அவருடைய வேலை எப்படிப்பட்டது? பூமியில் சிறு வெடி வைத்து, அந்த அதிர்ச்சி கீழே ஒவ்வொரு அடுக்கிலும் மோதித் திரும்புவதைக் கருவியில் பிடிக்கிறார்கள். அதைக் கொண்டு அடுக்குகளின் படம் வரைகிறார்கள். பிறகு துளை. துளைக்கும்போது சேற்றுக் குழம்போடு மேலே வருகிற கல் துணுக்குகளைச் சல்லடையிலிருந்து அள்ளிக் கழுவி, நடுநிசியானாலும் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். திராவகம் ஒரு சொட்டு விட்டால் நுரைப்பது சுண்ணாம்புக்கல். புற ஊதா விளக்கில் மின்னினால் எண்ணெய்க் கசிவு இருக்கலாம். கடுகிலும் சிறிய கடலுயிர் ஓடுகளைக் கண்டு அடுக்கின் வயதைச் சொல்லுகிறார்கள். கடல்மேடையில் வேலையென்றால் 14 நாள் கடலில், 14 நாள் வீட்டில் என்ற முறை உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தாலும் முறை முடியாமல் கரைக்கு வர முடியாது.

இங்கேதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி இருக்கிறது. ஞானம் தேடுகிறவன் பெண்டாட்டி பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டுக் காட்டுக்குப் போக வேண்டுமென்று நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். போனவன் கொண்டுவந்த ஞானம் எந்த வீட்டில் அடுப்பெரித்தது? இவரோ காட்டுக்கும் போகிறார், கடலுக்கும் போகிறார். 15 கோடி வருஷத்து உண்மையைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். பதினைந்தாம் நாள் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் இல்லாத 14 நாளும் குடும்பத்தைத் தாங்கிய அம்மையாருக்கு அந்த உண்மையில் பாதி சேரும் என்பது நமது அபிப்பிராயம்.

அமெரிக்காவில் கிளென் மார்ட்டன் என்று ஒருவர் இருந்தார். பௌதிகம் படித்து, 1973 முதல் எண்ணெய்க் கம்பெனி வேலையில் அடுக்குப் படம் பார்ப்பதே தொழிலாக இருந்தவர். ஸ்காட்லாந்திலும் சீனத்திலும் வேலை பார்த்தவர். மனைவி மக்களோடு வாழ்ந்த குடும்பஸ்தர். பூமிக்கு வயது சில ஆயிரம் வருஷந்தான், இந்த அடுக்கெல்லாம் நோவா காலத்து ஒரே வெள்ளத்தில் வந்தவை என்று நம்பி, அதை நிலைநாட்ட இருபதுக்கு மேற்பட்ட கட்டுரைகளும் எழுதினார். ஆனால் தினமும் மேஜைமேல் வருகிற படம் வேறு சொல்லிற்று. ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் வளைந்து வளைந்து ஓடிய பழைய ஆற்றின் தடம்! அவ்வளவு கீழே எடுத்த கல்லிலும் பிராணிகள் குடைந்த வளை! ஒரே வருஷ வெள்ளம் மலைமலையாய் மண் கொட்டிக்கொண்டிருக்கும்போது, புழு எப்போது சாவகாசமாக வளை தோண்டிற்று? அதே மதப் பள்ளியில் படித்து எண்ணெய் வேலைக்கு வந்த நண்பர்களை, "உங்களுக்கு அங்கே சொல்லிக்கொடுத்த மண்ணியலில் ஒன்றாவது வேலையில் மெய்யாக நின்றதா?" என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றே பதில் வந்தது. 1994க்குள் பழைய கொள்கையைக் கைவிட்டார். கைவிட்டதோடு நில்லாமல், தாம் எழுதினது தப்பு என்று தாமே ஊரறிய எழுதினார்.

தோழர்களே! அதன் விலை என்னவென்று நினைத்துப் பாருங்கள். கூட்டாளிகள் போனார்கள், இருபது வருஷ மானம் போயிற்று. 2020ல் இறக்கும் வரை அவர் கிறிஸ்தவராகவே இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அதை மறைத்தால் நாமும் ஒரு புராணக்காரராகிவிடுவோம். கடவுளை அவர் விடவில்லை. கல் சொன்னதை மறுக்கவுமில்லை. நம் பக்கத்திலேகூட, தாம் பேசினது பிசகென்று மேடையேறிச் சொன்னவர்கள் எத்தனை பேர்? நம்மையும் சேர்த்தே கேட்கிறோம்.

இனி நெடுவாசல். 'பூமாதேவியின் வயிற்றைக் கீறுகிறான்' என்று ஒரு தோழர் ஆத்திரத்தில் சொன்னதை நாம் கேட்டோம். அப்படியானால் நம் வீட்டுப் போர்க்கிணறு எந்தத் தேவியின் வயிற்றில் இறங்குகிறது? அந்தப் பேச்சு கோர்ட்டிலும் நிற்காது, இஞ்சினியரிடமும் நிற்காது. குடிதண்ணீர் அடுக்கு எத்தனை அடியில், துளைக்குழாய் அதைத் தாண்டும்போது சுற்றிலும் சிமெண்ட் எவ்வளவு, கழிவுச் சேறு எங்கே போகும் என்று கேட்டால்தான் பதில் சொல்லியாக வேண்டும். மண்ணுக்குள் இருப்பதைச் சொல்வது அறிஞரின் வேலை. எடுக்கலாமா என்று தீர்மானிப்பது மண்ணின்மேல் வாழ்கிறவர்களின் உரிமை. 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதற்குத் தடைச்சட்டம் வந்தது யாகத்தினாலா? ஜனங்கள் எழுந்ததனால். ஆனால் முன்பே தோண்டின கிணறுகளை அந்தச் சட்டம் மூடிவிடவில்லை. அவற்றின் பக்கத்தில் தண்ணீர் எடுத்துச் சோதிக்க நம் பிள்ளைகளில் யாருக்குத் தெரியும்?

அரியலூரை அடுத்த வாரணவாசியில் இந்தக் கல்லான பிராணிகளை வைத்து ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போக வேன் பேசியிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் பெயர் எழுதிக்கொள்வார்கள். இடம் கொஞ்சந்தான்; பெண் குழந்தைகளின் பெயரை முதலில் கொடுங்கள். மத்தியானச் சோறு அவரவர் கட்டிக்கொண்டு வரவும்.