மூலிகை வாணிகமும் முகமறியா வாடிக்கையாளரும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் ஊரில் ஆவாரை என்போம். இங்கே தங்கேடு என்பர். தெலங்கானாவின் மாநில மலரும் அதுவே. பதுகம்மா விழாவில் அதனை அடுக்கக் காண்கிறோம். சென்ற ஆண்டு எம் இல்லத்தரசியார் அப்பூவை நிழலில் உலர்த்திப் பொடித்து, வாட்ஸ்அப் வாயிலாக விற்கத் தொடங்கினார். விளம்பரம் எழுதும் பணி, ரயில்வே குமாஸ்தாவாகிய எம்மைச் சேர்ந்தது. “சர்க்கரை நோய் அறவே நீங்கும்” என்று எழுதிவிட்டோம்.

ஓர் இரவு, முகமறியா மூதாட்டியார் ஒருவர், “மாத்திரையை நிறுத்திவிடலாமா?” என்று கேட்டு எழுதினார். நடுங்கிப்போனோம். “நிறுத்தாதீர்கள், அம்மா, மருத்துவரைக் கேளுங்கள்” என்று உடனே விடையெழுதி, விளம்பரத்தையும் நீக்கினோம். அத்தகைய விளம்பரத்தை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

இந்நகரின் ஜிந்தா திலிஸ்மாத் 1920இல் தோன்றியது. அமிர்தாஞ்சனம் 1893இல் பம்பாயில் பிறந்தது. அதனை நிறுவிய காசிநாதுனி நாகேசுவரராவ் இசையரங்குகளில் இலவசமாக வழங்கிப் பரப்பினார். பூசிப் பார்த்தோரின் வாய்ச்சொல்லே விளம்பரமாயிற்று. இணையம் அவ்வாய்ச்சொல்லை நொடியில் நாடெங்கும் கொண்டு செல்லும். பொய்யையும் அவ்வாறே கொண்டு செல்லும்.

பார்சலின் மேலுள்ள சீட்டும் உள்ளிருக்கும் சரக்கும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது யாம் அலுவலகத்தில் கற்ற பாடம். ஆதலின் இன்று பூவின் பெயர், எடை, பொடித்த நாள், விலை, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவெண் ஆகியவற்றையே அச்சிடுகிறோம். விற்பனை சற்றுக் குறைந்தது. உறக்கம் நன்கு வருகிறது.

கைத்தொழில் புரியும் நம் குடியிருப்புச் சகோதரிகளே! வாங்குபவரை நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவராகவே எண்ணி எழுதுங்கள்.