முதல் இரவும் மூன்றாம் மாதமும்



விடுதியில் வளர்ந்த எங்களுக்குக் குறட்டை புதிதல்ல. எந்தக் கட்டிலில் யார் குறட்டை விடுகிறார் என்பதை இருட்டிலேயே சொல்லிவிடுவோம். இன்று எங்களில் பலர் அறுபதைக் கடந்துவிட்டோம். மாதவிடாய் நின்ற பின், நித்திரையில் மூச்சுத் தடைப்படும் 'ஸ்லீப் அப்னியா' நோய் பெண்களுக்கு வரும் வாய்ப்புக் கூடுகிறது. ஆண்களைப் பெருங்குறட்டை காட்டிக்கொடுத்துவிடும். பெண்களிடமோ அது காலைத் தலையிடி, ஓயாத களைப்பு, நித்திரைக் குழப்பம், மனச்சோர்வு என்று வேறு முகங்களுடனும் வரும். 'வயது போய்விட்டது' என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. ஒவ்வொரு தடையும் குறைந்தது 10 செக்கன் நீடிக்கும். இரத்தத்தில் ஒட்சிசன் குறைய, மூளை எங்களை உலுப்பி எழுப்புகிறது. மணித்தியாலத்துக்கு 30 தடவை அல்லது அதற்கு மேல் இப்படி நடந்தால் நோய் கடுமையானது. எட்டு மணித்தியாலம் படுத்தும் களைப்புத் தீராததன் காரணம் இதுதான்.

முன்பு கடுமையான நோயாளருக்குத் தொண்டையில் துளையிடுவதே வழியாக இருந்தது. 1981இல் சிட்னியைச் சேர்ந்த கொலின் சலிவனும் அவரது சகாக்களும், மூக்கின் வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி ஐந்து நோயாளரின் மூச்சுத்தடையை நீக்கியதை அறிவித்தனர். இன்றைய 'சீபாப்' இயந்திரம் அதன் வழி வந்தது.

இயந்திரத்தைப் பூட்டினால் எப்போது குணம் தெரியும்? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. காற்றின் அழுத்தம் சரியாக அமைந்தால் குறட்டையும் தடையும் முதல் இரவே அடங்கும். இரவில் சிறுநீர் கழிக்க எழும்புவதும் பலருக்கு விரைவில் குறையும். சிலர் மறுநாள் காலையே புது மனிதராக எழும்புவர். ஆனால் எல்லோருக்கும் அப்படியல்ல. முகமூடி உறுத்தும், வாய் உலரும், மூக்கு அடைக்கும். முதல் வாரம் நித்திரை முன்னரைவிடக் குழம்பவும் கூடும். பகல் தூக்கம் குறையச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம். மனநிலையும் ஞாபகசக்தியும் தெளிய மாதங்கள் செல்லலாம். இரத்த அழுத்தம் சற்றே குறையலாம். அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தக்கூடாது.

முதல் வாரத்தில் பலன் காணாதவர்கள் இயந்திரத்தை அலுமாரிக்குள் வைத்துவிடுவதுதான் பெரிய இழப்பு. உறுத்தும் முகமூடியை மாற்றலாம். உலரும் காற்றை ஈரமாக்கலாம். அநேகமான இரவுகளில் நான்கு மணித்தியாலமாவது அணிவது ஆகக்குறைந்த அளவு. இரவு முழுவதும் அணிந்தால் பலன் கூடும். சில இரவுகள் விட்டாலே பழைய களைப்புத் திரும்பிவிடும். ஒழுங்காக அணிந்தும் மூன்று மாதத்தில் மாற்றம் இல்லையென்றால், அழுத்தத்தையும், கூடவே இரும்புச்சத்து, தைரொயிட் ஆகியவற்றையும் பார்க்கும்படி வைத்தியரிடம் கேட்போம்.

மெல்ல வரும் மாற்றம் எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்கு 'எப்வேர்த்' வினாக்கொத்து உதவும். வாசிக்கையில், மதியச் சாப்பாட்டின் பின் அமர்ந்திருக்கையில், இதுபோன்ற கூட்டத்தில் என எட்டுச் சந்தர்ப்பங்களில் கண்ணயரும் வாய்ப்புக்குப் புள்ளியிட வேண்டும். மொத்தம் 24, பத்துக்கு மேல் என்றால் பகல் தூக்கம் அதிகம். தொடங்குமுன் ஒரு தடவையும், ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் மீண்டும் எழுதி ஒப்பிடுவோம். அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கம் போதும்.

வெளிநாட்டில் வாழும் தோழியரே, ஊரிலிருக்கும் அம்மாவுக்கு இயந்திரம் வாங்கி அனுப்புவதோடு கடமை முடியாது. பரிசோதனையும் அழுத்த அளவும் வைத்தியரின் பொறுப்பு. தொலைபேசியில் 'சுகமா?' என்று கேட்டால் 'சுகம்' என்றே பதில் வரும். 'நேற்றிரவு எத்தனை மணித்தியாலம் போட்டீர்கள், அம்மா?' என்று கேளுங்கள்.