மீண்டும் திறந்த குறிப்பேடு

(ஊர்ப்புற நூலகம் ஒன்றில் நடைபெற்ற கோடைக்கால வாசகர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இக்கோடையில் நான் படித்த நூல்களைப் பற்றிப் பேசுமாறு நூலகர் பணித்தார். அதற்கு முன் என் குறை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரியில் பயின்ற நாள் முதல் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இருந்தது. அலுவல் பெருகப் பெருக அப்பழக்கம் தளர்ந்து, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அறவே நின்றுவிட்டது. நாள் முழுவதும் அறிக்கை எழுதுகிறவனுக்கு வேறு எழுத்து எதற்கு என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அது எவ்வளவு பொய்யான சமாதானம் என்பதை ஓர் ஏரி உணர்த்தியது. ஆறு ஆண்டுகளுக்கு முன், முதிய நீர்ப்பாய்ச்சி ஒருவர் என்னை ஏரிக்கரை மீது அழைத்துச் சென்றார். எந்த மடையை எப்பொழுது திறப்பது, நீர் குறைந்த ஆண்டில் வயல்களுக்கு எவ்வாறு முறை வைப்பது, கரையில் எவ்விடத்தில் நீர் கசியும் என்றெல்லாம் விளக்கினார். நான் தலையை அசைத்தேனேயன்றி ஒரு வரியும் எழுதவில்லை. கரையின் நீளமும் மடைகளின் எண்ணிக்கையுமே அறிக்கையில் ஏறின.

சென்ற ஆண்டு அவ்வேரியைச் செப்பனிடப் பணம் வந்தது. அவரைத் தேடிச் சென்றபோது, அவர் காலமாகி ஓராண்டு கடந்திருந்தது. பின்னர்ப் பெய்த மழையில், நாங்கள் கைவைக்காத ஓரிடத்தில் கரை கசிந்தது. இரண்டு இரவுகள் ஊரார் மணல் மூட்டை சுமந்தார்கள். அவர் காட்டிய இடம் அதுவாகவே இருக்கலாம். உறுதியாகச் சொல்ல என்னிடம் குறிப்பு இல்லை.

அந்த வருத்தத்தோடுதான் இக்கோடையில் நூல்களை நாடினேன். முதலில் படித்தது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக விளங்கிய அவர், 1736 முதல் 1761 வரை எழுதியது. கப்பல் வந்தது, சரக்கு விற்றது, ஆளுநர் பேசியது என்னும் அன்றாடச் செய்திகளே அதில் நிறைந்துள்ளன. இன்று அவையே வரலாறாகிவிட்டன. அவருக்கு அலுவல் நம்மைவிடக் குறைவாக இருந்திருக்குமா?

அடுத்தது உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1855இல் பிறந்த அப்பெரியார், 1940இல் அதனை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கி, 1942இல் மறையும் வரை எழுதினார். தம் சொந்த ஊரான உத்தமதானபுரத்தை அவர் வருணிப்பதைப் படித்தபின், நாற்பத்தாறு வயதில் காலம் கடந்துவிட்டது என்று சொல்ல நாணினேன்.

மூன்றாவது, கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ என்னும் நாவல், 1976இல் வெளிவந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள் காடு திருத்தி ஊர் அமைத்த கதை அதில் ஒரு மூதாட்டியின் நினைவிலிருந்து விரிகிறது. கேட்பதற்கு ஆள் இருந்ததால் அவள் நினைவு பிழைத்தது.

சித்திரை மாதக் கடைசியில் மீண்டும் குறிப்பேட்டைத் திறந்தேன். இரவில் பத்தே வரிகள்: இன்று யாரைக் கண்டேன், அவர் என்ன சொன்னார், எவ்விடத்தைக் காட்டினார். முதல் வாரம் கை ஓடவில்லை. சொற்கள் அறிக்கையைப் போலவே வந்தன. இப்பொழுது சிறிது பழகிவிட்டது.

நண்பர்களே, நூறு பக்கக் குறிப்பேடு ஒன்றை இன்று நூலகரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இவ்வூர் ஏரியின் பெயரை மட்டும் எழுதியுள்ளேன். இங்கு நெடுங்காலம் நீர் பாய்ச்சிய பெரியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர், கூட்டம் முடிந்தவுடன் அவர் அருகே சென்று அமர வேண்டுகிறேன்.